மன்றம் இல்லாத ஆண்டுகள்

1973-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றத்துக்கான தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 23 ஆண்டுகளும் மன்றத்தின் அதிகாரம் முழுவதும், தனி அலுவலர் என்ற பெயரில் அரசு நியமித்த ஓர் அதிகாரியின் கையில் இருந்தது. பிறகு நான்கு மன்றங்கள் வந்து போயின. 2016 அக்டோபரில் நான்காவது மன்றத்தின் காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்; அது 2022 மார்ச் வரை நீடித்தது. கூட்டிப் பார்த்தால், இந்த 48 ஆண்டுகளில் பாதிக்கும் மேலான காலம் நம் பெரம்பூருக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கிடையாது. 1974-இல் 21 வயது நிறைந்து வாக்காளரான ஓர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளி, முதன்முதலாகக் கவுன்சிலர் தேர்தலில் ஓட்டுப் போட்டபோது அவருக்கு வயது 43. மக்களாட்சி சிறந்ததா, ஒருவர் முடிவெடுக்கும் ஆட்சி சிறந்ததா என்ற கேள்விக்குச் சான்று தேடி நாம் ஏதென்சுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டையும் மாறி மாறி வாழ்ந்து பார்த்த நகரம் இது. அந்த அனுபவத்தை வைத்தே இன்று பேச விரும்புகிறேன்.

1973-இல் மன்றத்தைக் கலைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மஸ்டர் ரோல் ஊழல் என்று அதற்குப் பெயர். வேலைக்கு வராத ஆட்களின், சில சமயம் இல்லவே இல்லாத ஆட்களின் பெயரில் கூலி எழுதி எடுத்த விவகாரம். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கும்போதே நடந்தது அது. ஆகவே, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் திருட மாட்டார்கள் என்று நான் வாதிடப் போவதில்லை. கேட்க வேண்டியது வேறு. தவறு செய்தவர்களை விசாரித்துத் தண்டிக்கவும், மன்றத்தைக் கலைத்துப் புதுத் தேர்தல் நடத்தவும் எவ்வளவு காலம் வேண்டும்? ஓராண்டு, இரண்டாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். 23 ஆண்டு எப்படி ஆயிற்று? அந்தக் காலத்தில் தமிழ்நாட்டை தி.மு.க. ஆண்டது, ஆளுநர் ஆண்டார், எம்.ஜி.ஆர். ஆண்டார், மறுபடி தி.மு.க., மறுபடி ஆளுநர், பிறகு ஜெயலலிதா. ஒருவரையொருவர் எதிர்த்தே அரசியல் செய்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டார்கள்: தலைநகரின் மாநகராட்சிக்குத் தேர்தல் வேண்டாம். ஒருவர் கையில் அதிகாரத்தைக் குவிப்பது தற்காலிக மருந்தாகத்தான் வரும். ஆனால் அதை நிறுத்தும் பொறுப்பு, அதனால் பயன்பெறுகிறவரிடமே விடப்படுகிறது. என் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவை முதலில் முழுமையாகச் சொல்லிவிடுவது நியாயம். ஒருவர் முடிவெடுத்தால் வேகம் உண்டு, பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை, தொலைநோக்கோடு செய்ய முடியும் என்பார்கள். மூன்றும் உண்மையாகக் கூடியவையே. 1961 மே 25-இல் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். லீ குவான் யூவின் அரசு, முந்தைய ஆண்டில்தான் தொடங்கிய வீட்டு வசதிக் கழகத்தை இறக்கி, ஓராண்டுக்குள் அடுக்ககங்களை எழுப்பி ஆட்களைக் குடியேற்றத் தொடங்கிவிட்டது. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ குடிசை எரிந்து வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெருந்திட்டமாக விரித்தபோது, இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று தடுத்த குரல்கள் பல. அவர் பிடிவாதமாக நின்றார். குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

சிங்கப்பூரைச் சொல்கிறவர்கள் பர்மாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாடுகளிலும் பிரிட்டிஷ் ஆட்சி இருந்தது, இரண்டிலும் தமிழர்கள் உழைத்தார்கள். ஒரு நாட்டில் 1959-இல் லீ குவான் யூ வந்தார். மற்றதில் 1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் வந்தார். அரிசியும் எண்ணெயும் தேக்கும் நிறைந்த பர்மாவைத்தான் அன்று வளமான நாடு என்றார்கள். 1964-இல் நெ வின் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார். அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பலேறின. அவர்கள் வந்து இறங்கிய இடங்களில் ஒன்றுதான் நமக்குப் பக்கத்திலுள்ள வியாசர்பாடி. அவர்களுக்காக எழுந்ததுதான் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார். அதே நெ வின் 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஈடு எதுவும் கொடுக்காமல் ஒழித்துவிட்டு, ஒன்பதால் வகுபடும் என்பதற்காக 45, 90 கியாட் நோட்டுகளை அச்சடித்தார். வேகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். லீ குவான் யூவை வேண்டும் என்கிறவர், அவர்தான் வருவார் என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது. ஒருவர் ஆட்சி என்ற ஏற்பாட்டைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். அந்த நாற்காலியில் உட்காரப்போகும் ஆளை அல்ல. தவிரவும், சிங்கப்பூரில் தேர்தல் நிற்கவில்லை. எதிர்க்கட்சிகளுக்கு நெருக்கடி மிகுதி என்றாலும், குறித்த காலத்தில் மக்களிடம் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் லீக்கு இருந்தது. நெ வினுக்கு அது இல்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். நோட்டைச் செல்லாததாக்கியது பர்மாவின் சர்வாதிகாரி மட்டும்தானா? 2016 நவம்பர் 8 இரவில், தேர்தலில் வென்ற ஒரு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 விழுக்காட்டைச் செல்லாது என்று அறிவித்தார், அதில் 99.3 விழுக்காடு வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது என்று பின்னர் ரிசர்வ் வங்கியே கணக்குக் கொடுத்தது. அப்படியானால் மக்களாட்சிக்கு என்ன தனிச்சிறப்பு? மறுப்பு சரியானதே, என் வாதத்தைத் துலக்கவும் செய்கிறது. ஓட்டுப் பெட்டி மட்டும் மக்களாட்சி ஆகிவிடாது. முடிவுக்கு முன்னால் அதனால் பாதிக்கப்படுகிறவர்களின் குரல் கேட்கப்பட வேண்டும். முடிவுக்குப் பின்னால் அது தவறென்று சொல்லவும் திருத்தவும் வழி இருக்க வேண்டும். நடுவில் தேர்தல் இருக்கிறது. 2016-இல் முதல் பாதி நடக்கவில்லை. ஒருவர் முடிவாகவே அது வந்தது. இரண்டாம் பாதி ஓரளவு நடந்தது: கேள்வி கேட்டார்கள், கணக்கு வெளியே வந்தது, நாம் இங்கே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தகவல் மேலே போவதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். சீனாவில் 1958-இல் மா சேதுங்கின் பெரும் பாய்ச்சல் தொடங்கியபோது மாகாண அதிகாரிகள் தலைமையை மகிழ்விக்க, விளையாத நெல்லை விளைந்ததாக எழுதி அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்கை வைத்தே கொள்முதல் நடந்தது. கோடிக்கணக்கானோர் பசியால் செத்தார்கள். சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்திய சென் வாதிட்டதன் அடிப்படை இதுதான்: கீழே நடப்பது மேலே இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும், தெரிந்தும் செய்யாவிட்டால் அவர் பதவியை இழக்க வேண்டும். அளவில் மிகச் சிறியதென்றாலும், நம் கடற்கரையிலும் இதைப் பார்த்தோம். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றது முதல் அறிவிப்பு. எர்ணாவூர் கரையில் கறுப்பு எண்ணெய்க் குழம்பு ஒதுங்குவதைக் கண்டவர்கள் மீனவர்கள். ஆட்கள் வரிசையில் நின்று வாளி வாளியாக அதை அள்ளிக் கைமாற்றிய படங்களை நாடே பார்த்தது. அப்போது திருவொற்றியூர் மண்டலத்தின் 14 வார்டுகளிலும் கவுன்சிலர் இல்லை. பார்த்தவர்கள் யாரிடம் போய், எந்த மன்றத்தின் கூட்டக் குறிப்பில் அதை ஏற்றியிருக்க முடியும்?

கவுன்சிலர் இருந்திருந்தால் எண்ணெய் கசியாதா என்று கேட்கலாம். கசியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னை பெட்ரோலியம் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை நிறைத்தபோது மன்றம் இருந்தது, மேயர் இருந்தார். துறைமுகத்தின்மீதும் ஆலைகளின்மீதும் மாநகராட்சி மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மன்றத்தின் தோல்வி என்று நாம் எழுதிவைக்கும் பலவற்றில், மன்றத்திடம் அந்தப் பொறுப்பே ஒப்படைக்கப்படவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். பெரம்பூரில் ஒரு தெருமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது, பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்குகிறது, கைப்பம்பில் வரும் தண்ணீர் கலங்கலாக நாறுகிறது. கழிவுநீரும் குடிநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அருகிலேயே ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அந்த வடிகால் போய்ச் சேரும் ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் கையில். கேபிள் புதைக்கத் தோண்டிய பள்ளம் மின்வாரியத்துடையது. நான்கு அலுவலகங்கள், அவற்றில் மூன்றின் அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் உரிமை, அந்தத் தெரு ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலருக்குக் கிடையாது. சரி, குடிநீர் எப்போது மாநகராட்சியின் கையைவிட்டுப் போயிற்று? 1978-இல், தனிச் சட்டத்தால். அன்று மன்றம் இல்லை. நூறாண்டுக்கு மேலாகச் செய்துவந்த ஒரு கடமையை மாநகராட்சியிடமிருந்து எடுக்கும்போது, கூடாது என்று சொல்லவோ, எடுங்கள் ஆனால் வார்டுக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு ஒன்றை வையுங்கள் என்று திருத்தம் கேட்கவோ அங்கே ஒருவர்கூட இல்லை. தனி வாரியம் அமைத்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு, நிதிக் காரணங்களும் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1996-இல் மன்றம் திரும்பி வந்தபோது அது 1973-இல் போன மன்றமாக இல்லை. இல்லாத காலத்தில் அதன் கைகளை வெட்டிவிட்டு, வந்தபின் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறோம். இதைவிட அநியாயமான ஒப்பீடு இருக்க முடியாது.

நெருக்கடியில் ஒருவர் கையில் அதிகாரம் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பழைய ரோமானியர்கள் ஆபத்துக் காலத்தில் ஒருவரை முழு அதிகாரத்தோடு நியமித்தார்கள். அதிகபட்சம் ஆறு மாதம். பிறகு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஜூலியஸ் சீசர் அந்தக் கெடுவை அழித்து ஆயுட்காலத்துக்கு அதிகாரத்தை எடுத்துக்கொண்ட ஆண்டிலேயே அந்த நாட்டின் குடியரசுக்கு முடிவு நெருங்கிவிட்டது. வியப்பு என்னவென்றால், நம் அரசமைப்பிலும் அதே ஆறு மாதம் இருக்கிறது. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆம் திருத்தம், மாநகராட்சியின் காலம் முடியுமுன்பே தேர்தல் நடந்து முடிய வேண்டும், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்கிறது. 1973 மீண்டும் நிகழக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. 2016 அக்டோபரில் அறிவித்திருந்த தேர்தலை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது நியாயமான குறை; சில மாதங்களில் சரிசெய்திருக்கலாம். நடந்தது என்ன? தனி அலுவலரின் பதவிக்காலம் ஆறு ஆறு மாதமாகச் சட்டத் திருத்தங்களால் நீட்டப்பட்டுக்கொண்டே போனது. கெடு இருந்தது, கெடுவை நீட்டும் பேனாவும் அதே கையில் இருந்தது.

அந்த இடைவெளிக்குள்தான் கொரோனா வந்தது. ஒருவர் தலைமைக்கு அதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. 2020 மே மாதத்தில் நகரிலேயே அதிகத் தொற்று ராயபுரம் மண்டலத்தில். மாநகராட்சி விரைவாகவே இயங்கியது: காய்ச்சல் முகாம்கள், வீடு வீடாக விசாரிக்க ஆயிரக்கணக்கில் தன்னார்வலர்கள், தகரம் அடித்து மூடிய தெருக்கள். களத்தில் நின்ற துப்புரவுப் பணியாளர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் இந்நகரம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தில் அரசே மண்டலங்களுக்கு அமைச்சர்களைப் பொறுப்பாக நியமிக்க வேண்டி வந்தது. தெருவின் ஆட்களைத் தெரிந்தவர்கள், எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்தத் தெருவில் கூலி நின்று அடுப்பு எரியவில்லை என்று அறிந்து சொல்லக்கூடியவர்கள் 200 பேர் நகரெங்கும் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த இடங்கள் காலியாகக் கிடந்தன. தன்னார்வலர்களைத் திரட்டி அவசரமாகக் கட்டிய வலையும், மேலிருந்து அனுப்பிய அமைச்சர்களும், இல்லாத மன்றத்துக்குப் பதிலாக வைத்தவைதாம்.

இனி மக்களாட்சியின் பலவீனங்கள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, நாமே அக்கறை காட்டுவதில்லை. பத்தாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் வந்தபோது சென்னையில் பதிவான வாக்கு 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டேன். தண்ணீரும் சாக்கடையும் மின்சாரமும் யாரிடம் இல்லையோ, அவரைத் தேர்ந்தெடுக்க மெனக்கெடாதவரின் கணக்கில் ஒரு தர்க்கம் இருக்கிறது. இரண்டாவது, 200 இடங்களில் 153-ஐ ஒரே கட்சி வென்றது. அவையில் எதிர்த்துப் பேச ஆள் குறைவு. கூடவே, பல வார்டுகளில் பெண் கவுன்சிலருக்குப் பதிலாகக் கணவர் கோப்பைப் புரட்டுகிறார் என்ற குறையும் நாடெங்கும் உண்டு. இவையெல்லாம் உண்மையான நோய்கள். இவற்றுக்கு மருந்து வார்டு குழுவும் பகுதி சபையும் ஒழுங்காகக் கூடுவது. 2022-இல் அவற்றுக்கு விதிகள் வந்துவிட்டன. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2025-இல் வடசென்னையின் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலி அமைத்தன. அந்தப் பேச்சு தெருவில் நடந்ததுபோல ஒவ்வொரு பகுதி சபையிலும் நடந்து, தீர்மானமாக எழுதப்பட்டு, மன்றத்தின் முன் வந்தாக வேண்டும்.

மூன்றாவது பலவீனம்தான் ஆழமானது, அதற்குப் பெரம்பூரே சாட்சி. 1918 ஏப்ரலில் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் தொடங்க, வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள்கொடுத்தார். ஆலைக்குள் துரையின் சொல்லே சட்டம். சொத்து உள்ளவருக்கே ஓட்டு என்றிருந்த காலத்தில் நெசவாளிக்கு வாய் கிடைத்த முதல் இடம் அந்தச் சங்கம். ஆனால் 1921-இன் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் விலகி நின்றார்கள். தங்கள் குறை அந்தச் சங்கத்தில் எடுபடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, போராட்டம் உடைந்தது. பெரும்பான்மையின் முடிவு என்பதே நியாயம் ஆகிவிடாது. சிறுபான்மையாக இருப்பவர் மேசையில் இல்லாத மக்களாட்சி, அவரைப் பொறுத்தவரை வேறொரு எசமானனின் ஆட்சிதான். இதற்கு மருந்து ஓர் எசமானனிடமே திரும்பிப் போவதன்று. 1921-இல் ஆலை நிர்வாகம் அந்தப் பிளவால் லாபம் அடைந்ததே தவிர அதை ஆற்றவில்லை. மருந்து, ஒதுக்கப்பட்டவருக்கு இருக்கையை உறுதிசெய்யும் விதி. 2022 மார்ச் 4-இல் திரு.வி.க. நகரின் 74-ஆவது வார்டிலிருந்து வந்த ஆர். பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயராகப் பொறுப்பேற்றார். இடஒதுக்கீடு என்ற விதி இல்லாமல் மூன்று நூற்றாண்டுகளில் நடக்காதது அது.

எம்.ஜி.ஆரின் சத்துணவுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு என்ற யோசனை 1982-இல் பிறந்ததன்று. 1920-இல் பி. தியாகராயர் தலைமையில் இருந்த இதே மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சாப்பாடு போட முடிவுசெய்தது. பேசி, வாக்கெடுத்துச் செய்த முடிவு. ஆனால் அந்தச் செலவை அரசு அனுமதிக்காததால் 1925-இல் நின்றுபோயிற்று. நிறுத்தியவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர்கள் அல்லர். 1987-இல் எம்.ஜி.ஆர். மறைந்தார், பிறகு வந்த எந்த முதல்வரும் சத்துணவை நிறுத்தத் துணியவில்லை, முட்டையைக் கூட்டினார்கள், இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. தொடங்கியது ஒருவரின் உறுதியாக இருக்கலாம். அதை அழியாமல் காத்தது அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களுடைய ஓட்டு.

இப்போதுள்ள மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் அதற்கு முன்பே நடந்து முடிய வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. எந்தச் சாக்கும் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது என்று 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேர்தல் தள்ளிப்போவது வாக்குச்சாவடியில் அன்று. வார்டு எல்லை வரையறை, பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான வார்டுச் சுழற்சி, வாக்காளர் பட்டியல் என்ற மூன்று இடங்களில்தான் அது சிக்குகிறது. 2016-இல் சிக்கியதும் அங்கேதான். இந்த மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு பகுதி சபையிலும் எழுத்தில் கேட்கலாம், பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம். இந்த அரங்கில் இருப்பவர்கள் அனைவரும் நம் மண்டலத்தின் 64 முதல் 78 வரையிலான ஏதோ ஒரு வார்டிலோ, பக்கத்து மண்டலத்திலோ வாக்காளர்கள். அந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்.